பொட்டு வைத்த செல்

"சரி அத்த, நான்தான் டார்ச்சுக்கு சார்ஜ் போட மறந்திருப்பேன். போதுமா? இன்னும் எத்தினி வாட்டிதான் கேப்பீங்க?"

கஸ்தூரி தன் வாயாலேயே இதைச் சொன்னபோது, தேவிப்ரியா சமையலறை வாசலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனை மேல் இருந்த கை அப்படியே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வேறு மாதிரி பேசியிருந்தாள். "போட்டேன் அத்த. பச்சை லைட் வந்ததைப் பாத்துட்டுத்தான் எடுத்து வெச்சேன்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். ஒரே வாரத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் அவளுக்கே சந்தேகமாகிப் போயிருந்தது.

மாமியார் ஜோதியம்மாள் விடுவதாக இல்லை. "போனுக்கு மட்டும் ஒரு நாளாச்சும் சார்ஜ் போட மறந்திருக்கியா? புருஷன் இருட்டுல கழனிக்குப் போறான், அதுக்கு மட்டும் மறதி."

கூடத்துக் கட்டிலில் அர்ஜுனன் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதியம்மாளின் மூத்த மகன். கஸ்தூரியின் கணவர். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கடலையும் வைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், விடியும் முன்பே மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போடக் கிளம்பியிருக்கிறார். வீட்டு வாசலில் டார்ச் பளீரென்று எரிந்திருக்கிறது. பாதி வரப்பு போவதற்குள் மங்கி, மங்கி, ஒரேயடியாக அணைந்துவிட்டது. வாய்க்கால் கல் இடுக்கில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அவர் கஸ்தூரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "டார்ச்சுல சார்ஜ் இல்ல, இன்னா பண்றது?" என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் காபித் தம்ளரோடு வரும் கஸ்தூரியைத் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவியிடம் அவர் பேசியது தண்ணீர், மாத்திரை, போர்வை, அவ்வளவுதான்.

அந்த வீட்டின் இளைய மருமகள் தேவிப்ரியா, ஞாயிற்றுக்கிழமை என்று கணவனோடு வந்திருந்தாள். அவளுக்கு வெங்காயம் கண்ணை எரித்தது ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் கஸ்தூரி அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். புடவைத் தலைப்பில் மறைத்து வைத்திருந்த டார்ச்சை எடுத்து நீட்டினாள். கண்ணாடியில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது.

"இத எடுத்துட்டுப் போயிடு தேவி. கண்ணுல பட்டாலே வயித்தக் கலக்குது."

"சரிக்கா."

"செவ்வாக்கெழம திருவண்ணாமலைக்கு வரேன். ஒன்பது செவ்வா, செருப்பில்லாம மலைய சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். அவரு கால் பழையபடி ஆவணும்."

"ஒன்பது வாரமா? எதுக்குக்கா உங்களுக்கு இதெல்லாம்?"

"என்னாலதான போச்சு அவரு கால்?"

தேவிப்ரியா வாயைத் திறந்தாள். "வெயில் ஜாஸ்தியா இருக்கேக்கா" என்றுதான் வந்தது. கஸ்தூரி சிரித்து, அவள் தோளில் தட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

பைக்கில் ஊர் திரும்பும்போது தேவிப்ரியா கணவன் மாறனின் முதுகில் சாயவில்லை. மடியில் இருந்த டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி இருக்கிறது மாறனின் டார்ச் கடை. கடைக்கு மேலேயே வீடு. மலைக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் நெற்றியில் கட்டும் விளக்குக்கு வருவார்கள். சுற்று வட்டார விவசாயிகள் கழனி டார்ச்சுக்கு வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் லித்தியம் செல். அதில்தான் ஊரெல்லாம் ஏமாற்று. விரல் நீளம் இருக்கும் செல்லின் மேல் கொள்ளளவு ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று கூசாமல் அச்சடித்திருப்பான். அந்த அளவு செல்லில் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

கல்யாணமாகி வந்த புதிதில் தேவிப்ரியா, மாறன் செல்லைச் சோதிக்கும் அழகைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மீட்டரை இரண்டு முனையிலும் வைப்பான். நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், "நல்ல சரக்கு" என்பான்.

"நீங்க பாக்கறது நிரம்பியிருக்கான்னு. குடமும் நிரம்பியிருக்கும், சொம்பும் நிரம்பியிருக்கும். எவ்ளோ புடிக்கும்னு எங்க பாத்தீங்க?"

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அவள் சொன்னதற்காகவே மாறன் ஒரு நல்ல சார்ஜர் வாங்கினான். செல்லை முழுக்க நிரப்பி, பிறகு மெல்ல மெல்லக் காலி செய்து, உள்ளே உண்மையில் எவ்வளவு இருந்தது என்று எண்ணிக் காட்டும் சார்ஜர். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். அதற்கு முன்னால் சின்ன மின்தராசில் எடை போடுவாள். நல்ல செல் கையில் கனக்கும். டூப்ளிகேட் பஞ்சு மாதிரி இருக்கும். எடையும் தேறி, சார்ஜரில் ஓட்டமும் தேறிய செல்லுக்குத் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு குங்கும நிறப் பொட்டை எடுத்து ஒட்டுவாள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவர்கள்கூட இப்போது, "அக்கா பொட்டு வெச்ச செல்லு குடுங்க" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஒரு தடவை மட்டும் அவள் தவறினாள்.

அன்று அவர்களுடைய முதல் கல்யாண நாள். காலையில் புதுச் சரக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. அடுத்த நாள் பௌர்ணமி, கடையில் செல்லே இல்லை. அவள் புதுப் புடவையோடு தராசின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எடை சரியாக இருந்தது. அச்சடித்திருந்த எண்ணும் இரண்டாயிரத்து அறுநூறு என்று நியாயமாக, அடக்கமாக இருந்தது. சார்ஜரில் போடப் போனபோது மாறன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதான் வெயிட் இருக்குல்ல? நம்பரும் ஒழுங்கா போட்டிருக்கான். பொட்டு வெச்சிட்டு வா தேவி. சாத்தனூர் டேமுக்குப் போவலாம்."

"ஓட்டிப் பாக்காமயா?"

"ஒரு நாளு உன்ன நான் ஓட்டிக்கினு போறேன், வா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வரிசையாகப் பொட்டு ஒட்டினாள். சாத்தனூரில் இருவரும் பொரித்த மீன் தின்றார்கள். முள்ளை எடுத்துவிட்டு அவன் ஊட்டினான். யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தபடி வாங்கிக்கொண்டாள். பௌர்ணமியன்று கடைக்கு வந்த அர்ஜுனனிடம் அவளே அந்தப் பெட்டியிலிருந்து ஒரு செல்லை எடுத்துக் கொடுத்தாள். "மாமா, பழசத் தூக்கிப் போடுங்க. இது நான் பாத்து வெச்சது."

'நான் பாத்து வெச்சது.' அவர் விழுந்த சேதி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தைகள்தான் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை மாறன் வேலூர் வரை போகிறேன் என்று கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் அவள் டார்ச்சைத் திறந்தாள். சேற்றுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. செல் சுத்தமாக இருந்தது. குங்கும நிறப் பொட்டு கொஞ்சமும் நகராமல் இருந்தது. செல்லைச் சார்ஜரில் போட்டாள்.

முதலில் நிரப்ப வேண்டும். வழக்கமாக நெடுநேரம் பிடிக்கும் வேலை. அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் அது நிரம்பிவிட்டது. இன்னும் ஒன்றும் தெரியாது, பாதி சார்ஜ் ஏற்கெனவே இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு செல் காலியாக ஆரம்பித்தது. சார்ஜரின் சின்னத் திரையில் எண் மெல்ல ஏறியது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தாள். ஏறு, ஏறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இருநூறு. முந்நூறு. இரண்டாயிரத்தைத் தாண்டிவிடு. ஆயிரத்து ஐந்நூறு வந்தாலும் போதும். அர்ஜுனன் மாமா மோட்டார் கொட்டகைக்குப் போய்த் திரும்புவதற்கு அது தாராளம். அப்படியானால் செல்லில் குற்றமில்லை. அப்படியானால் கஸ்தூரி அக்கா மெய்யாகவே சார்ஜ் போட மறந்திருக்கிறாள்.

அந்த இடத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. தான் இங்கே உட்கார்ந்து என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம்? அங்கே ஒருத்தி புருஷன் காலுக்காக மலையைச் சுற்றப் போகிறாள். இங்கே இவள், அவள்மேல் விழுந்த பழி உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு மிஷின் முன்னால் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நல்லவள் என்று அந்த வீட்டில் பேர் வாங்கியிருக்கிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் ஆகட்டுமா, இங்கேயா என்று ஜோதியம்மாள் இப்போதே ஆசையாகக் கேட்கும் செல்ல மருமகள்.

மத்தியானச் சோறு வடிப்பதற்கு முன்பே சார்ஜர் நின்றது. திரையில் அறுநூற்றுச் சொச்சம்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஷட்டர் பக்கம் நிழல் ஆடியது. மாறன் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்வை சார்ஜருக்குப் போயிற்று, திறந்து கிடந்த டார்ச்சுக்குப் போயிற்று, பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

"என்னங்க, அண்ணி சார்ஜ் போட்டிருக்காங்க. இந்த செல்லுதான்..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "அண்ணன் விழுந்த மறுநாளே பெட்டியில மிச்சம் இருந்ததுல ரெண்ட எடுத்து ஓட்டிப் பாத்தேன். எல்லாம் இதே லட்சணம். சின்ன செல்ல உள்ள வெச்சு, வெயிட்டுக்கு ஏதோ மாவு மாதிரி அடைச்சு விட்டிருக்கானுங்க. வேலூருக்கு அதத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன்."

"தெரிஞ்சுக்கினு ரெண்டு ஞாயித்துக்கெழம அங்க போயி சாப்ட்டு வந்தீங்களா?"

"உனக்குத் தெரிய வேணான்னுதான்..."

"எனக்கா?"

"பொட்டு நீ வெச்சது. தெரிஞ்சா அம்மா உன்ன சும்மா விடுமா? வெக்கச் சொன்னது நானு. அண்ணிய அம்மா திட்டறது இன்னா புதுசா? நாலு நாள்ல அடங்கிடும்னு நெனச்சேன்."

அவனுடைய குரலில் அன்பு இருந்தது. அதுதான் தேவிப்ரியாவைச் சுட்டது. தன்னைக் காப்பாற்ற இவன் பிடித்த குடை, நேரே கஸ்தூரியின் தலையில் தண்ணீரை வடித்திருக்கிறது. இவன் மேல் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை? இவனுக்குத் தெரிந்தே இருந்தது. அவளோ, தெரிந்துவிடுமோ என்று பயந்து தெரிந்துகொள்ளாமலே இருந்தாள். சார்ஜர் பதினைந்து நாளாக இதே மேஜையில்தான் இருந்தது.

"அண்ணிக்கு இது புதுசான்னு கேக்கறீங்களே, அவங்க இப்போ தாங்கதான் மறந்துட்டதா நம்பறாங்கங்க. நேத்து என் காதால கேட்டேன். இல்லாத தப்ப ஒத்துக்கினாங்க."

மாறன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"இந்தப் பெட்டியில இருந்து யாருக்கெல்லாம் குடுத்தோமோ எல்லாருக்கும் போன் போடுங்க. வித்தது வெத்து செல்லுன்னு சொல்லி வாங்கி வைங்க."

"கட பேரு போயிடும் தேவி."

"போவட்டும். அவங்களும் இருட்டுலதான நடக்கறாங்க? நாளைக்கு அக்கா கிரிவலம் வராங்க. நான் அவங்ககிட்ட சொல்றேன். நீங்க ஊருக்குப் போயி மாமாகிட்டயும் அத்தைகிட்டயும் சொல்லுங்க."

"பொட்டு வெக்கச் சொன்னது நான்னே சொல்லிடறேன்."

"நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. வெச்சது என் கையி."

செவ்வாய்க்கிழமை காலையில் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத கிரிவலப் பாதை அகலமாகக் கிடந்தது. அடி அண்ணாமலை கோயில் தாண்டி, இளநீர்க் கடை ஒன்றின் எதிரே கஸ்தூரியைப் பிடித்தாள் தேவிப்ரியா. மஞ்சள் புடவை. நெற்றி நிறைய விபூதி. பாதத்தின் ஓரம் சிவந்திருந்தது.

"அட, நீயும் வந்துட்டியா? ஒரு போன் பண்ணியிருந்தா சேந்தே ஆரம்பிச்சிருக்கலாமே. வா, இளநி சாப்புடறியா?"

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நீங்க சார்ஜ் போட்டீங்க."

"எத?"

"டார்ச்ச. நீங்க மறக்கல. பச்சை லைட் வந்தது நெசந்தான். செல்லுல சரக்கே இல்ல. நான் ஓட்டிப் பாக்காம பொட்டு வெச்ச செல்லு அது. டேமுக்குப் போற அவசரத்துல வெயிட்ட மட்டும் பாத்துட்டு வெச்சிட்டேன். நேத்து சோதன பண்ணேன். மாமா விழுந்தது என்னாலதாங்க்கா."

இளநீர்க்காரர் அரிவாளைப் பிடித்தபடி இருவரையும் பார்த்தார். கஸ்தூரி சாலையோரத்து மரத்தடியில் மெல்ல நகர்ந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, எதையோ முதலிலிருந்து ஒப்பித்துப் பார்ப்பதைப் போல.

"அப்ப அந்தப் பச்சை லைட்ட நான் பாத்தேன்."

"பாத்தீங்கக்கா."

"பிளக்க புடுங்கி, ஒயர சுத்தி, ஜன்னல் மேல வெச்சேன். தெனமும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டு, அது வேற நாளு போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எனக்கு மூளையே கொழம்பிப் போச்சோன்னு இருந்தது தேவி."

"மன்னிச்சிடுங்கக்கா."

"இரு. செல்லு கெட்டுப் போனதுக்கு நீ இன்னா பண்ணுவ? எவனோ ஏமாத்தினான். அத விடு." கஸ்தூரியின் குரல் உயரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "நேத்து சோதன பண்ணேன்னியே, உனக்கு நேத்துதான் சந்தேகம் வந்துச்சா?"

பொய் சொல்வதற்கு அது எவ்வளவு வசதியான இடம் என்று தேவிப்ரியாவுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லக்கா. முத நாள்லேருந்தே."

"உன் புருஷனுக்கு?"

"தெரியும்க்கா."

"அத்த என்ன நிக்க வெச்சுக் கேக்கும்போது நீ வெங்காயம் நறுக்கிக்கினு இருந்த."

"ஆமாக்கா."

"நான் உன் தோள்ல தட்டிட்டுப் போனேன்."

தேவிப்ரியாவுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. கஸ்தூரி அதைத் துடைக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. பைக்குள் கையைவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் அர்ஜுனன் பெயர். மாறன் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

போன் அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது.

"எடுங்கக்கா. மாமா."

"தண்ணி கேக்கறாரா, மாத்திர கேக்கறாரா?" கஸ்தூரி போனை அவள் கையில் திணித்தாள். "நீயே பேசு. எனக்கு இன்னும் பாதி சுத்து இருக்குது."

"இனிமே நீங்க எதுக்குக்கா நடக்கணும்? தப்பு உங்க மேல இல்லன்னு..."

"கால் அவருதுதான? வேண்டிக்கினது அதுக்கு. உன் செல்லுக்கு இல்ல."

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நடந்தாள். தேவிப்ரியா பின்னாலேயே போனபடி போனைக் காதில் வைத்தாள்.

"கஸ்தூரி..." என்றார் அர்ஜுனன். அந்தப் பெயரை அவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லித் தேவிப்ரியா கேட்டதே இல்லை. "கஸ்தூரி, நான் உன்ன ஒண்ணும் சொல்லலியே... எதுவுமே சொல்லாம இருந்துட்டனே..."

"மாமா, நான் தேவிப்ரியா."

அந்தப் பக்கம் பின்னால் ஜோதியம்மாள் மாறனிடம் ஏதோ உரக்கக் கேட்பது காதில் விழுந்தது.

"தம்பி சொன்னான்மா. அவகிட்டப் போனக் குடு."

"அக்கா பேச மாட்டன்றாங்க மாமா. நடந்துட்டிருக்காங்க."

"கோவமா இருக்காளா?"

"ஆமா மாமா. எங்க மேலயும், உங்க மேலயும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான். வெயிலு ஜாஸ்தி, அவ காலைல ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டா. நீ கூடவே போம்மா. தனியா வுடாத."

போனை அணைத்துவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கஸ்தூரியை எட்டிப் பிடித்தாள். பக்கத்தில் சேர்ந்து நடக்கத் துணிச்சல் வரவில்லை. ஓரடி பின்தங்கியே நடந்தாள்.

"இன்னா சொன்னாரு?" கஸ்தூரி திரும்பவில்லை.

"உங்களத் தனியா விட வேணாம்னாருக்கா."

"இத்தினி நாளு விட்டாரு இல்ல?" என்றாள் கஸ்தூரி. நடையைக் குறைக்கவில்லை. "நீயும்தான் விட்ட."

தேவிப்ரியா அந்த ஓரடி இடைவெளியைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. தார் ரோடு சுட்டது. இருவரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.